மேடையில் கால் வைப்பது எங்கே?

(நாடகக் குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் நடந்த வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வசனம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பாட்டுக் கட்டுகிறவர்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். குரல் வளத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த வசனத்தைப் பேசுகிறவன் மேடையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது, யாரைப் பார்ப்பது என்று கேட்டால், "அதெல்லாம் மேடை ஏறினால் தானாக வரும்" என்று சொல்லிவிடுகிறோம். தானாக வருவது என்ன தெரியுமா? ஆறு பேர் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையாக மைக்குக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அரை அடி பின்வாங்குவார். அடுத்தவர் அரை அடி முன்னே வருவார். இது நாடகமல்ல, வேஷம் போட்டுக்கொண்டு நடத்தும் பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்தை நாம் வேஷம் போடாமலே நன்றாக நடத்துகிறோம்.

நான் இன்று பேசப்போவது மேடையில் நடமாட்டத்தைப் பற்றி. நடிகனை எங்கே நிறுத்துவது, எங்கிருந்து எங்கே, எந்த வார்த்தையில் நகர்த்துவது என்று தீர்மானிக்கிற வேலை. இங்கிலீஷ் நாடகக்காரர்கள் இதை 'பிளாக்கிங்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் இது நாடகத்தை நடத்துகிற தோழருடைய வேலை. அவர் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்துவிடுவார்கள். குழுவிலேயே பெரிய குரல் யாருக்கோ அவர் நடுவில் நின்றுகொள்வார்.

"இதெல்லாம் அலங்காரம்தானே, கருத்து சரியாக இருந்தால் போதாதா?" என்று நேற்று ஒரு தோழர் கேட்டார். போதாது. நிற்கிற இடமும் ஒரு கருத்தைச் சொல்லுகிறது. சில சமயம் வசனத்துக்கு நேர் எதிரான கருத்தைச் சொல்லிவிடுகிறது.

நமது குழுக்கள் பெரும்பாலும் போடுகிற காட்சியையே எடுத்துக்கொள்வோம். மிராசுதார் வீட்டு வாசல். கூலி உயர்வு கேட்டு ஐந்து பேர் வருகிறார்கள். நாம் இதை எப்படி அமைக்கிறோம்? மேடையின் நடுவில், பின்பக்கமாக, ஒரு நாற்காலி. மிராசுதார் ஜனங்களைப் பார்த்தபடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து பேரும் அவர் முன்னால் வந்து அவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். விளைவு என்ன? முக்கால் மணி நேரம் ஜனங்களுக்குத் தெரிவது ஐந்து முதுகுகளும் மிராசுதாரின் முகமும். அவர் சிரிப்பது தெரிகிறது, மீசையை முறுக்குவது தெரிகிறது, வெற்றிலை மடிப்பது தெரிகிறது. பட்டினி கிடந்தவன் முகம் தெரியவில்லை. உழைப்பவனே பெரியவன் என்று வசனம் சொல்லுகிறது. உட்கார்ந்திருப்பவனே பெரியவன் என்று மேடை சொல்லுகிறது. ஆட்டம் முடிந்ததும், "மிராசுதார் வேஷம் கட்டினவன் பிரமாதம்" என்று பேசிக்கொண்டே ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அவன் நன்றாக நடித்திருக்கலாம். ஆனால் நாம் காட்டியதே அவன் முகம் ஒன்றைத்தான்!

இப்போது அந்த நாற்காலியைத் தூக்கி மேடையின் முன்பக்கம், ஓரமாகப் போடுங்கள். சற்று உள்நோக்கித் திருப்புங்கள். ஐந்து பேரும் நடுவில், இரண்டடி பின்னால் நிற்கட்டும். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் மிராசுதார்தான் முகத்தைப் பின்பக்கம் திருப்ப வேண்டும். அவருடைய பக்கவாட்டு முகமும் மடித்துப் போட்ட காலும்தான் ஜனங்களுக்குத் தெரியும். ஐந்து பேரின் முகமும் முழுசாகத் தெரியும். வாய் திறக்கத் தயங்குகிறவன் யார், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் யார், ஏற்கெனவே மிராசுதாரிடம் விலைபோய்விட்டு மற்றவர்களோடு சேர்ந்து வந்து நிற்கிறவன் யார் என்று ஊரே பார்த்துக்கொள்ளும். வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒரு நாற்காலியை மாற்றினோம். காட்சி கைமாறிவிட்டது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. இரண்டு பேர் எதிரெதிரே பேசினால் பின்னால் நிற்பவன் முகத்தைக் காட்டுகிறான். முன்னால் நிற்பவன் முதுகைக் காட்ட வேண்டியிருக்கிறது. தேர்ந்த நடிகர்களுக்கு இது தெரியும். அதனாலேயே சிலர் பேசிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, கூட நடிப்பவனைத் திருப்பிவிட்டுவிடுவார்கள். நமது குழுவில் அப்படிச் செய்கிற தோழர் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாம்.

பார்க்கிறவன் கண் எங்கே போகும் என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எல்லோரும் அசையாமல் இருக்கும்போது ஒருவன் அசைந்தால் கண் அவனிடம் போகும். எல்லோரும் அசையும்போது ஒருவன் அசையாமல் நின்றாலும் அவனிடம்தான் போகும். உட்கார்ந்த கூட்டத்தில் நிற்பவன், கூட்டத்தை விட்டு விலகித் தனியே இருப்பவன், இவர்கள் கண்ணை இழுப்பார்கள். எல்லாவற்றையும்விட வலுவானது ஒன்று உண்டு: மேடையில் இருக்கிற அத்தனை பேரும் எங்கே பார்க்கிறார்களோ அங்கே ஜனங்களும் பார்ப்பார்கள். தெருவில் நாலு பேர் அண்ணாந்து பார்த்தால் ஐந்தாமவன் பார்க்காமல் போவானா? ஆகவே ஒரு சின்னப் பெண் முக்கியமான ஒரு வாக்கியம் பேச வேண்டும், அவளுக்குக் குரல் சிறியது என்றால், அவளை முன்னுக்குத் தள்ளவேண்டிய அவசியமில்லை. மற்ற எல்லோரையும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கணம் மௌனம். பிறகு அவள் பேசட்டும்.

இதிலிருந்தே இன்னொரு விதியும் கிடைக்கிறது. இன்னொருவன் பேசும்போது நீ நகராதே. நகர்ந்தால் அவன் வசனத்தைத் திருடுகிறாய். துண்டை உதறுவதும், பீடி பற்றவைப்பதும், தலையைச் சொறிவதும் திருட்டுத்தான்.

ஒத்திகைக்கு மேடை வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நெல்லடிக்கிற களம் போதும், சங்க ஆபீஸ் மொட்டைமாடி போதும். போடப்போகிற மேடையின் அளவைக் காலால் அளந்து சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அதற்குள் நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு கோடு இழுத்தால் ஒன்பது பாத்தி கிடைக்கும். முன் நடு, பின் வலது என்று பெயர் வையுங்கள். வலது இடது என்பது ஜனங்களைப் பார்த்து நிற்கிற நடிகனின் கையைக் கொண்டு கணக்கு. இதை முதல் நாளே எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். இல்லாவிட்டால் கடைசி ஒத்திகைவரை இதே தகராறு.

நடத்துகிற தோழர் ஒத்திகைக்கு வருவதற்கு முன்பே ஒரு பலகையில் இந்த ஒன்பது பாத்தியை வரைந்து, ஆளுக்கொரு புளியங்கொட்டை வைத்து நகர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர்களையும், நடவு முடித்து உலை வைத்துவிட்டு வந்த பெண் தோழர்களையும் நிற்க வைத்துக்கொண்டு யோசிப்பது நியாயமல்ல. தீர்மானித்ததை வசன நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், மாறும். மாற வேண்டும்.

மாஸ்கோ கலை நாடக அரங்கை 1898-ல் தொடங்கிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, செகாவின் 'கடற்பறவை' நாடகத்துக்கு யார் எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்பதையெல்லாம் தாமே படம் போட்டு எழுதிவைத்துக்கொண்டு நடிகர்களுக்குச் சொன்னவர். அவரே பின்னாளில் அந்த வழியை விட்டுவிட்டார். 'உனக்கு இந்த இடத்தில் என்ன வேண்டும், அதை அடைய நீ என்ன செய்வாய்' என்று நடிகனைக் கேட்டு, அவன் செய்கையிலிருந்தே நடமாட்டத்தைக் கட்டினார். நமக்கு இரண்டும் வேண்டும். புதுத் தோழர்களுக்கு முதல் நாள் இடத்தைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் திண்டாடிப் போவார்கள். மூன்றாம் நாள், "ஏன் அங்கே போனாய்?" என்று கேளுங்கள். "நீங்கள் போகச் சொன்னீர்கள்" என்பது பதிலானால் அந்த நடை செத்த நடை. "அவன் கையில் இருக்கிற கணக்கு நோட்டைப் பார்க்கப் போனேன்" என்று சொன்னால் அது உயிருள்ளது.

நமது தோழர்களிடம் ஒரு சொத்து இருக்கிறது. பட்டணத்து நடிகனுக்கு நாலு மாதம் பழகினாலும் அது வராது. நாற்று நடுகிற பெண் குனிந்தபடியே பின்னோக்கி நகருகிறாள். நட்டது முன்னால் இருக்கும், நடவேண்டியது முதுகுக்குப் பின்னால் இருக்கும். நூற்பாலையில் வேலை செய்கிறவர் இரண்டு பக்கமும் கதிர்கள் சுழலும் சந்தில் நடந்துகொண்டே, எங்கே இழை அறுந்தது என்று பார்த்து, நிற்காமல் ஒட்டிக்கொண்டு போகிறார். இந்த நடைகளை மேடைக்குக் கொண்டுவாருங்கள். சினிமாவில் பார்த்த நடையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நடையைச் சேமித்து வைக்க வேண்டும்.

கீழத் தஞ்சையில் பண்ணையாட்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சவுக்கடி, சாணிப்பால். அதுமட்டுமல்ல, மிராசுதார் வீட்டு வாசலில் யார் எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதற்கே ஜாதி ஒரு கணக்கு வைத்திருந்தது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும், முதுகு வளையும், 'ஆண்டே' என்று குரல் வரும். தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே போய்ச் சங்கம் கட்டி, 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் வரை கொண்டுவந்தார்களே, அந்தப் போராட்டத்தை நாடகமாகப் போட வேண்டும் என்று இரண்டு குழுக்கள் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது. வசனத்தைவிட முதலில் அந்தத் தூரத்தைத் தீர்மானியுங்கள். மேடையில் ஒரு கோடு. கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. நடிகர்களுக்குத் தெரிந்தால் போதும். முதல் காட்சியில் பண்ணையாள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறான். இரண்டாவது காட்சியில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கெஞ்ச வருகிறான், அப்போதும் வெளியே. மூன்றாவதில் அடி வாங்குகிறான், அப்போதும் வெளியே. ஜனங்கள் தங்களை அறியாமலே அந்தக் கோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நாலாவது காட்சியில், பேசிக்கொண்டே அல்ல, பேசாமல், அவன் காலை எடுத்து அந்தக் கோட்டைத் தாண்டி வைக்கிறான். வேறு யாரும் அசையக் கூடாது. மிராசுதார் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்கிறார், அவ்வளவுதான். அங்கே கொட்டும் முழங்க வேண்டாம், பாட்டும் வேண்டாம். அந்த ஒரு அடியே நாடகம்.

ஆனால் அந்தப் பண்ணையாள் முதல் காட்சியிலேயே வசனத்துக்கு வசனம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தீர்த்துவிட்டால், நாலாவது காட்சியில் அவன் வைக்கிற அடிக்கு என்ன மதிப்பு? காலணாப் பெறாது.

கூட்டக் காட்சிகளைப் பற்றிக் கொஞ்சம். பத்துப் பேரை நிறுத்தி, "கோபமாக இருங்கள்" என்று சொன்னால் பத்துப் பேரும் ஒரே மாதிரி கையைத் தூக்குவார்கள். ஜெர்மனியில் மைனிங்கன் என்ற சிறு நாட்டின் பிரபு ஒருவர் சொந்தமாக நாடகக் குழு வைத்திருந்தார். 1874-லிருந்து 1890 வரை அது ஐரோப்பாவெங்கும் சுற்றியது. பிரபுவாக இருந்தாலும் கூட்டத்தை மேடையில் நடத்த அவருக்குத் தெரிந்திருந்தது! கூட்டத்தைச் சிறுசிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பழகின நடிகன் ஒருவனைத் தலைவனாக வைத்தார். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேரை நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரியுங்கள். நாலு பேர் வேலை நிறுத்தத்துக்குத் தயார். மூன்று பேர் யோசிக்கிறார்கள். இரண்டு பேருக்குக் கடன் பயம். ஒருவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விவாதம் நடக்க நடக்க ஒவ்வொருவராக இடம் மாறி நாலு பேர் பக்கம் சேரட்டும். ஆலைவாசலில் நடப்பதும் இதுதானே?

வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதை வைத்து பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகத்தை, இந்திய மக்கள் நாடக மன்றம் 1944-ல் கல்கத்தாவில் போட்டது. சம்பு மித்ராவும் பிஜனும் சேர்ந்து நடத்தினார்கள். அதில் ஒரு காட்சி: பணக்காரர் வீட்டில் கல்யாண விருந்து, வெளியே குப்பைத் தொட்டியில் எச்சில் சோற்றுக்கு மனிதன் நாயோடு போராடுகிறான். இரண்டையும் தனித்தனிக் காட்சியாகப் போட்டிருந்தால் இரண்டு செய்திகள்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது சொல்லாமலே விளங்கியது.

இன்னொரு நாடகத்தைச் சொல்ல வேண்டும். இதில் அபிப்பிராய பேதம் உண்டு. கேரளத்தில் தோப்பில் பாசி எழுதிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952-ல் மேடையேறியது. அந்த மாகாணத்தில் கட்சியை வளர்த்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். கடைசிக் காட்சியில் பழைய ஜாதித் திமிர் பிடித்த பரமு பிள்ளை மனம் மாறி, புலையர் வீட்டுப் பெண் மாலாவின் கையிலிருந்து செங்கொடியை வாங்கி உயர்த்திப் பிடிக்கிறார். கொட்டகையே எழுந்து நின்ற காட்சி அது. 1995-ல் சிவிக் சந்திரன் என்பவர் எதிர் நாடகம் எழுதிக் கேள்வி கேட்டார்: அந்தக் கொடி ஏன் மாலாவின் கையில் இருந்து போக வேண்டும்? அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நாடகத்தை நடத்துகிறவர் ஒவ்வொருவரும் இதைக் கேட்டே ஆகவேண்டும். கொடி கடைசியில் யார் கையில் இருக்கிறது? அவன் எந்தப் பாத்தியில் நிற்கிறான்? அவனுக்குக் கொடி கொடுத்தவள் எங்கே போனாள்? இருவரும் சேர்ந்து பிடித்தால் என்ன கெட்டுவிடும்? உங்கள் நாடகங்களின் கடைசிக் காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். பெண் தோழர்கள் முக்கால்வாசி நாடகங்களில் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறார்கள்.

மைக் பிரச்னையைக் கேட்டீர்கள். அது நியாயமான பிரச்னை. ஐந்நூறு பேருக்கு மேல் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தால் வெறும் குரல் எட்டாது. ஆனால் நடிகன் மைக்குக்குக் கட்டப்பட்ட மாடாக இருக்கக் கூடாது. மைக்கை முகத்துக்கு நேரே நிறுத்தாதீர்கள். மேடையின் முன் விளிம்பில், தரையோடு, துணி மடித்துப் போட்டு இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். கதையை நடத்துகிற வாக்கியங்கள் முன் பாத்திகளில் வரும்படி நடமாட்டத்தை அமையுங்கள். பின் பாத்திகளை மௌனத்துக்கும் செய்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் கூடுகிற தெருவில் மைக்கே வேண்டாம்.

உயர மேடையில் இன்னொரு சங்கடம். ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்த தொழிலாளி மேடையில் விழுந்து கிடந்தால் முதல் மூன்று வரிசையைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், "உட்காரு, உட்காரு" என்று சத்தம் கிளம்பும். சாவுக் காட்சி சந்தைக்கடை ஆகிவிடும். விழுகிறவனை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கட்டும். மடியில் சாய்ந்த நிலையிலேயே சாகட்டும்.

தெருவில் ஆடுவதானால் கணக்கே வேறு. நாலு பக்கமும் ஆட்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கத்துக்கு முதுகுதான். கூத்தாடிகளுக்கு இது பிரச்னையே அல்ல. சுழன்று சுழன்று ஆடி எல்லாப் பக்கமும் முகம் காட்டிவிடுவார்கள். இன்றைக்கும் கூத்து நடக்கிற ஊர்களில் போய் விடிய விடிய உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தில்லி ஜன நாட்டிய மஞ்ச் தோழர்கள் 1978-ல் 'மெஷின்' என்று ஒரு தெரு நாடகம் போட்டார்கள். சைக்கிள் நிறுத்த ஓர் இடமும், டீ குடிக்க ஒரு கேன்டீனும் கேட்ட தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த சம்பவத்தை வைத்து எழுதியது. செட் இல்லை, படுதா இல்லை. நடிகர்களே உடம்பால் ஒரு யந்திரமாக நின்று ஓடுகிறார்கள், சத்தமும் அவர்களே. திடீரென்று யந்திரம் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்பதுதான் நாடகம். சுமார் கால் மணி நேரம். அந்தக் குழுவின் தோழர் சப்தர் ஹாஷ்மியை 1989 ஜனவரி 1-ம் தேதி சாகிபாபாத் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் நடத்தும்போது குண்டர்கள் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அன்று கொல்லப்பட்டார். 4-ம் தேதி மலையஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பப் போய், பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தார்கள். மலையஸ்ரீ சப்தரின் மனைவி.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் ஒரு சோதனை வைத்திருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கிறவனுக்கு வசனம் ஒன்றும் கேட்காது. அவனுக்கும் கதையின் முக்கியமான மோதல்கள் விளங்க வேண்டும், அப்படி நடமாட்டத்தை அமைக்க வேண்டும் என்றார். தமது நாடகங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்துப் புத்தகமாகவும் சேர்த்து வைத்தார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை. எல்லோர் பையிலும் கைபேசி இருக்கிறது. ஒத்திகையில் காட்சிக்குப் பத்துப் படம் எடுத்து, நாடகம் தெரியாத உங்கள் வீட்டுக்காரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ காட்டுங்கள். "இதிலே யார் யாருக்குப் பயப்படுகிறார்கள்?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் காட்சி தேறியது.

சாப்பாட்டுக்குப் பிறகு மில் தோழர்கள் களத்தின் மேற்குப் பக்கம், விவசாயத் தோழர்கள் கிழக்குப் பக்கம். சுண்ணாம்பு வாளி திண்ணையில் இருக்கிறது. கூலி கேட்கப் போகிற அதே காட்சியை இரண்டு பேரும் அமையுங்கள். வசனம் இல்லாமல், ஏழு நிமிஷம். மில் தோழர்கள் ஆடும்போது விவசாயத் தோழர்கள் பார்த்துக் கதையைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, சண்டை வேண்டாம்.